விசில் டீச்சர் எம்.எஸ்ஸி.

அந்தப் பள்ளிக்கு உடற்பயிற்சி ஆசிரியையாக வந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் அவளுக்கு விசில் டீச்சர் என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். மைதானத்தின் ஒரு மூலையில் நின்று அவள் ஊதினால் போதும், எதிர்மூலையில் கட்டிப்புரண்டு சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் நிற்பார்கள். போகப்போக மற்ற ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டில்தான் அந்த விசில் செல்லுபடியாகவில்லை. அவள் கணவர் நகரப் பேருந்தின் டிரைவர்.

"நாள் முழுக்க ஹாரன் சத்தத்துல கெடக்கறவன் நான். உன் விசிலெல்லாம் எனக்குக் கொசு பாடற மாதிரி" என்பார்.

வாய்க்கு வாய் கிண்டல் பேசும் அந்த மனிதருக்கு ஒரு நாள் காலையில், பணிமனையில் வண்டியை எடுக்கப் போகும்போது நெஞ்சு வலித்தது. கூட இருந்த கண்டக்டர் யோசித்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் தப்பித்தார். அடைப்பை நீக்கி, ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து, "இனிமே பயமில்ல, நல்லா நடங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயம் அதைக் கேட்க வேண்டுமே. அவர்கள் குடியிருந்தது இரண்டாம் மாடி. டிரைவர் பாதிப் படியில் நின்று, நெஞ்சில் கையை வைத்து, உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பவர் போல் நிற்பார். குளிக்கப் போனால் கதவைத் தாழ்போட மாட்டார். சிரிப்பது குறைந்துவிட்டது, சத்தமாய்ச் சிரித்தால்கூட இதயத்துக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டது போல. டீச்சருக்கோ ஒரு கண் எப்போதும் அவர் மேலேயே இருந்தது. அவர் நாற்காலியை நகர்த்தக் குனிந்தால் குறுக்கே பாய்வாள். கையில் பையோடு வந்தால் வாசலிலேயே பிடுங்கிக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் இதய நோயாளிகளுக்கென்று ஒரு பயிற்சி அறை இருந்தது. ஓடும் பட்டை பூட்டிய நடை இயந்திரங்கள், நகராத சைக்கிள்கள், சுவரோரமாய்ப் படுக்கை. வாரத்தில் சில நாட்கள் டீச்சர் அவரை அங்கே கூட்டிப்போனாள். கான்வாஸ் ஷூ போட்ட ஒரு இளைஞன் அவர் மார்பில் ஒயர்களை ஒட்டி, இயந்திரத்தில் ஏற்றி, திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டுவான், குறைப்பான். "இப்ப எவ்வளவு கஷ்டமா இருக்கு சார்?" என்று நடுநடுவே கேட்பான். அவனிடம் யூகம் என்ற பேச்சே இல்லை. இவ்வளவு வரை போகலாம், இதற்கு மேல் வேண்டாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் ஊரார் பிள்ளைகளை ஓடவிடுகிறவள் நான், என் வீட்டு மனிதர் எவ்வளவு நடக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

"இதுக்கு என்ன படிக்கணும் தம்பி?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"எம்.எஸ்ஸி. எக்சர்சைஸ் ஃபிசியாலஜி மேடம். உடற்பயிற்சி பண்ணும்போது உடம்புக்குள்ள என்ன நடக்குதுங்கற படிப்பு. இங்க பல்கலைக்கழகத்துலயே இருக்கு. உங்க பொண்ணுக்கா?"

"எனக்குத்தான்" என்றாள் டீச்சர்.

இளைஞன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது.

சிரிப்பதற்கு வீட்டில் ஆள் இருந்தாள். மகள் அப்போது பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாள். "அம்மா, நீ கடைசியா கெமிஸ்ட்ரி புக்கைத் தொட்டப்ப நான் பொறந்திருந்தேனா?" என்று கேட்டாள். ஆனால் விண்ணப்பத்தோடு, ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கக் கட்டுரையும் வேண்டும் என்றதும் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் எழுதியிருந்ததை வாங்கி வாசித்தாள். "சிறு வயது முதலே விளையாட்டுத் துறையில் எனக்கு இருந்த தீராத ஆர்வம்..."

"அம்மா, இது உனக்கே கொட்டாவி வரல? உண்மைய எழுது."

டீச்சர் புதுத் தாளை எடுத்தாள். "என் கணவர் படி ஏறப் பயப்படுகிறார். அவர் பயப்படுவது சரியா, தேவையில்லாததா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்" என்று தொடங்கினாள். அதன் பிறகு பேனா நிற்கவில்லை.

கட்டுரை நன்றாக இருந்து என்ன, அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. உடற்கல்வியில் பட்டம் இருந்தாலும் வேதியியலும் உயிரியலும் போதாது, இணைப்புப் பாடங்களை முடித்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்தது. மறுநாள் டீச்சர் பள்ளிவிட்டு வரும் வழியில் மாலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு வந்தாள். அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாயும் மகளும் எதிரெதிரே புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள். மகளுக்குப் பொதுத்தேர்வு, அம்மாவுக்கு இணைப்புத் தேர்வு. அடுப்பு டிரைவரிடம் போனது. பேருந்து ஓட்டக் கூடாது என்று அவரைப் பணிமனையில் மேசை வேலைக்கு மாற்றியிருந்தார்கள். யார் எந்த வண்டி என்று ஒதுக்கும் வேலை, நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார். அவர் வடித்த சோறு முதல் மாதம் களியாக இருந்தது. "படிக்கறவங்களுக்கு மெல்ல நேரம் ஏது? அதான் முழுங்கற பதத்துல வெச்சிருக்கேன்" என்றார். நெஞ்சு வலிக்குப் பிறகு அவர் அடித்த முதல் கிண்டல் அது. டீச்சர் குழம்பை ஊற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது முறை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியை நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"இத்தனை வருஷமா மைதானத்துல விசில் ஊதினவங்க இப்ப எதுக்கு லேபுக்கு வரணும்?"

டீச்சர் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் காற்றில் போய்விட்டது. "நான் ஊதினா பிள்ளைங்க ஓடுவாங்க மேடம். எங்க நிறுத்தணுங்கறதுதான் எனக்குத் தெரியாது. இது வரைக்கும் குத்துமதிப்பாதான் நிறுத்தியிருக்கேன்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இடம் கிடைத்துவிட்டது. தலைமையாசிரியை சம்பளமில்லா விடுப்புக்கு ஒப்புக்கொண்டார். "நீங்க இல்லாம இந்தப் பசங்கள யாரு மேய்க்கறது?" என்று புலம்பிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பில் எல்லாரும் நேற்றுத்தான் கல்லூரி முடித்தவர்கள். முதல் நாள் டீச்சர் உள்ளே நுழைந்ததும் பாடம் எடுக்க வந்தவர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்து கொல்லென்று சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அவள் எல்லாருக்கும் அக்கா ஆகிவிட்டாள். ஆய்வகத்தில் அக்காதான் அவர்களுக்கு வசதியான உடம்பு. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியை மாட்டி, அதிலிருந்து போகும் குழாயை இயந்திரத்தில் செருகி, அவளை ஓடவிட்டு, மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். அந்தக் கோலத்தில் எடுத்த படத்தை வீட்டில் காட்டினாள். டிரைவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "தும்பிக்கை நல்லா பொருந்துது" என்றார்.

உடம்பு விஷயம் இப்படிக் கலகலப்பாகப் போயிற்று. உயிர்வேதியியல்தான் கழுத்தைப் பிடித்தது. தசைக்குள் சர்க்கரை எப்படி எரிந்து சக்தியாகிறது என்று பக்கம் பக்கமாய் அம்புக்குறிகள். டீச்சர் அவற்றைச் சமையலறைச் சுவரெல்லாம் எழுதி ஒட்டினாள். தண்ணீர் குடிக்கப் போனால் ஒரு அம்புக்குறி, உப்பு எடுக்கப் போனால் ஒரு அம்புக்குறி. இதற்குள் வேதியியலில் பட்டப்படிப்பு சேர்ந்திருந்த மகள் அவற்றைக் காட்டிக் கேள்வி கேட்பாள், அம்மா முழிப்பாள். முதல் பருவத் தேர்வில் அந்தத் தாளில் டீச்சர் தோற்றாள்.

தோற்றதைவிட இன்னொரு தாள்தான் அவளை உலுக்கியது. ஒரு இதய நோயாளிக்குப் பயிற்சித் திட்டம் எழுதச் சொன்ன கேள்வி. வயதை வைத்துக் கணக்குப் போட்டு, நாடித்துடிப்பு இவ்வளவு வரை ஏறலாம் என்று அழகாக எழுதியிருந்தாள். பேராசிரியை ஓரத்தில், "இவர் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், கவனித்தீர்களா?" என்று எழுதியிருந்தார். அதே மாத்திரையைத் தினமும் காலையில் தண்ணீரோடு கணவர் கையில் கொடுப்பவள் அவள். அதைச் சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு பாடுபட்டாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது என்பதையும் வகுப்பில் கேட்டிருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து பையைப் போட்டுவிட்டு, "போதுங்க. நான் ஸ்கூலுக்கே போயிடறேன். இது எனக்கு ஒத்துவராது" என்றாள்.

டிரைவர் அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லவா? நான் லைசென்ஸ் டெஸ்ட்ல ரெண்டு தடவ ஃபெயில்."

"இத்தனை வருஷத்துல சொன்னதே இல்லையே?"

"பொண்ணு பாக்க வந்தப்ப சொல்லியிருந்தா உங்கப்பா குடுத்திருப்பாரா? மூணாவது தடவயும் அந்த இன்ஸ்பெக்டர் பாவம் பாத்துதான் பாஸ் போட்டாரு. அதுக்கப்புறம் நான் ஊரையே ஏத்தி எறக்கியிருக்கேன். ஒருத்தர் மேல ஒரு கீறல் உண்டா?"

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மறுநாள் வகுப்புக்குப் போனாள். அடுத்த தேர்வில் உயிர்வேதியியலில் தேறினாள். பிரமாதமான மதிப்பெண் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மகள் சுவரிலிருந்து அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக மரியாதையோடு எடுத்து ஒரு கட்டாகக் கட்டி வைத்தாள்.

இரண்டாம் ஆண்டில் மருத்துவமனைப் பயிற்சி. அதே தரைத்தளத்து அறைக்கே அவள் கழுத்தில் அடையாள அட்டையோடு போனாள். அங்கேதான் ஒரு விஷயம் நடந்தது.

டிரைவருக்கு வழக்கமான பரிசோதனை நாள். சொந்தக்காரர்களைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் வகுப்புத் தோழி ஒருத்தி அவரை இயந்திரத்தில் ஏற்றினாள், டாக்டர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். டீச்சர் எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள். வேகம் கொஞ்சம் கூடியதுமே டிரைவர் கைப்பிடியை இறுகப் பிடித்து, "போதும், நிறுத்தும்மா" என்றார். திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சிறிது ஓய்வெடுத்துவிட்டு மறுபடி முயன்றார்கள். மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

அறையின் மறுபக்கம் வேறொரு நோயாளியோடு இருந்த பேராசிரியை வந்து டீச்சரின் தோளைத் தொட்டார். "கொஞ்சம் வெளியில வாங்க."

நடைபாதையில் கதவின் சிறு கண்ணாடி வழியாக உள்ளே காட்டினார். "அவர் திரையைப் பாக்கல. தன் உடம்பையும் கேக்கல. உங்க முகத்தைப் பாத்துட்டுதான் நிறுத்தச் சொல்றார்."

"நான் ஒண்ணுமே சொல்லலையே மேடம்."

"சொல்ல வேண்டாம்மா. நீங்க மூச்சப் பிடிச்சுட்டு நின்னீங்க."

டீச்சர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. சத்தத்தின் சுருதி ஏறியது, இன்னும் ஏறியது. நடுவில் டிரைவர் ஏதோ சொல்ல, தோழி சிரிப்பதும் கேட்டது. அவர் வெளியே வந்தபோது சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, முகம் சிவந்திருந்தது. பரீட்சையில் தேறிய பையன் மாதிரி இருந்தார்.

"எங்க போயிட்ட? நான் ஓடினத நீ பாக்கவே இல்ல!"

"கேட்டுட்டுதான் இருந்தேன்" என்றாள். இத்தனை நாளும் அந்த மனிதரின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது பைகளை மட்டுமா என்று நினைத்துக்கொண்டே வீடு வரை நடந்தாள். அன்று மாலை கடையிலிருந்து சாமானோடு அவர் வந்தபோது, அவள் கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டாள். இரண்டு மாடி ஏறி வந்திருந்தவர் பையைத் தானே மேசையில் வைத்துவிட்டு, "என்ன, உடம்பு சரியில்லையா உனக்கு?" என்று கேட்டார்.

அவளுடைய ஆய்வு அங்கிருந்துதான் பிறந்தது. நோயாளியின் கணவனோ மனைவியோ எதிரே நின்று பதறுவதற்குப் பதிலாக, பக்கத்து இயந்திரத்தில் கூடவே நடந்தால் என்ன ஆகும்? ஒரு குழு அப்படி நடக்கும், இன்னொரு குழுவில் வீட்டார் வழக்கம்போல் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில மாதம் கழித்து இரண்டு குழுவின் மூச்சுத் திறனையும் அளந்து, எவ்வளவு பயம் மிச்சமிருக்கிறது என்று கேள்விகள் கேட்டு ஒப்பிட வேண்டும். பேராசிரியை சம்மதித்தார், மருத்துவமனையும் அனுமதி தந்தது. மனத்தாங்கல் டிரைவருக்குத்தான்.

"ஊர்ல இருக்கற ஹார்ட்டெல்லாம் வேணும், கட்டின புருஷனோட ஹார்ட் வேணாமா?"

"உங்கள சேத்தா யாருங்க என் முடிவ நம்புவாங்க?"

"அப்ப நான் நல்லா ஆனதெல்லாம் கணக்குல வராதா?"

"என் கணக்குல வரும். பல்கலைக்கழகக் கணக்குல வராது."

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இரண்டு நாள் பணிமனை முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆள் சேர்ப்பது சுலபமாக இல்லை. நோயாளிகள் வந்தார்கள், வீட்டார்தான் முரண்டு பிடித்தார்கள். இந்த வயதில் நான் ஓடினால் யாராவது சிரிப்பார்கள் என்றார் ஒருவர். நோயாளியான ஒரு பெண்மணியோடு வந்திருந்த அவர் கணவர் ஓய்வுபெற்ற தபால்காரர். "ஆயுசுக்கும் நடக்க வேண்டியத நடந்து முடிச்சுட்டேம்மா. இனிமே ஒரு அடி கூட வைக்கறதா இல்ல" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். டீச்சருக்கு ஒரு நொடி விசிலை எடுக்கலாமா என்று இருந்தது. "தபால் எதுவும் இல்லீங்க. நாய் துரத்தாது. சும்மா ஏறி நின்னு பாருங்க" என்றாள். மனிதர் முனகிக்கொண்டே ஏறினார். அதன் பிறகு அவரை இறக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அவர் மனைவி பக்கத்தில் நடந்துகொண்டே, "கல்யாணமானதுலேருந்து இவரு எப்பவும் எனக்கு முன்னால போவாரு. இப்பதான் சேந்து நடக்கறோம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இறுதித் தேர்வில் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஆய்வேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டு குழுவுக்கும் மூச்சுத் திறன்ல வித்தியாசமே வரலையே. அப்ப உங்க ஆய்வு தோத்துப்போச்சுன்னு சொல்லலாமா?"

"மூச்சுல வித்தியாசம் வரல சார். வரும்னு நான் ரொம்ப எதிர்பார்த்தேன், வரல" என்றாள் டீச்சர். "கூட நடந்த குழுவுல பயம் அதிகமா குறைஞ்சிருக்கு. பாதியில விட்டுப் போனவங்களும் கம்மி. ஆனா என் குழு சின்னது. இத வெச்சு முடிவா எதுவும் சொல்ல முடியாது. பெரிசா செஞ்சு பாத்தாதான் தெரியும்."

நிபுணர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "யார் செய்யறது?"

"யாரும் செய்யலன்னா நானே செய்யறேன் சார்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியை தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறார் என்று தோளைப் பார்த்தால் தெரிந்தது.

பட்டமளிப்பு நாளில் விழா முடிந்து கும்பலாக வெளியே வந்தபோது இளம் தோழிகள் அக்காவைத் தூக்கிச் சுற்றினார்கள். அங்கி காலில் சிக்கி எல்லாருமாக விழப்பார்த்தார்கள். மறுபடி பேருந்து ஓட்டக் கேட்டிருந்த டிரைவருக்கு அந்த வாரம்தான் பணிமனையிலிருந்து முடிவான பதில் வந்திருந்தது. உடம்பு நன்றாகத் தேறியிருந்தாலும் பயணிகள் வண்டியை அவர் இனி ஓட்ட முடியாது, புதிதாகச் சேரும் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை அவர் விழா முடியும்வரை சொல்லாமல் வைத்திருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் மெதுவாகச் சொன்னார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சரியாகிவிடும் என்றெல்லாம் சொல்லவில்லை.

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு. அந்த ஸ்டியரிங் என் கையிலயே இருக்கற மாதிரி இருக்கு இன்னும்" என்றார்.

கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு அவரே, "பாவம் அந்தப் புதுப் பசங்க" என்றார்.

விடுப்பு முடிந்ததும் டீச்சர் பள்ளிக்குத் திரும்பவில்லை. மருத்துவமனையே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. முதல் மாதம் ஒரு தையல்காரர் வந்தார். புதிதாக இதய அறுவை சிகிச்சை ஆனவர். அவர் மனைவி இயந்திரத்தின் கைப்பிடியை அவரைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உதட்டைக் கடித்தார்.

"நீங்க அந்த மெஷின்ல ஏறுங்கம்மா" என்றாள் டீச்சர்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லீங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லாததாலதான் ஏறச் சொல்றேன். வாங்க, நான் பிடிச்சுக்கறேன்."

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தடுமாறி, கடைசியில் ஏறினார். பட்டை நகர்ந்ததும் "ஐயய்யோ" என்றார். தையல்காரர் திரும்பிப் பார்த்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் தடவையாக, தன்னை மறந்து, "பயப்படாத, நேரா பாத்து நட" என்று மனைவிக்குத் தைரியம் சொன்னார். டீச்சர் திரையில் ஓடும் கோடுகளைக் கவனித்தபடி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது டிரைவர் இல்லை. நடக்கப் போயிருக்கிறார், கூட யாரும் இல்லை, எப்போது வருவார் என்று சொல்லவில்லை என்றாள் மகள். டீச்சரின் பார்வை ஒரு கணம் பால்கனிப் பக்கம் போயிற்று. பிறகு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, "எனக்கும் கொஞ்சம் காப்பி போடேன்டி" என்றாள்.